அப்பா சாத்திய கதவு

தரையை விட்டு முந்நூறு அடி ஏறியிருப்போம். 'டப்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் வலது தோளுக்கு அந்தப் பக்கம், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில், ஒரு சாண் அகலத்துக்கு வெயில் தெரிந்தது.

அந்த ஒரு சாணுக்குள் கீழே ஒரு குளம். குளத்தில் எருமைகள் கிடந்தன. ஐந்து எருமைகள். இத்தனை வருடம் கழித்தும் கணக்கு மறக்கவில்லை என்றால் எவ்வளவு பயந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஓட்டும் லைசன்ஸ் என் கைக்கு வந்த கதையைப் போன வாரம் எழுதினேன். "முதன்முதலாக யாரை ஏற்றிக்கொண்டு போனீர்கள்?" என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இவரைத்தான் ஐயா, எங்கள் அப்பாவைத்தான். ஏற்றிக்கொண்டு போய், அரை நிமிடத்திலேயே வெளியே தள்ளப் பார்த்தேன்.

ஆறு மாதம் கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தேன். "ஒரே ஒரு தடவ வர்றேன். நம்ம தோட்டத்த மேல இருந்து காட்டு. அதுக்கப்புறம் என்னயக் கூப்பிடக் கூடாது" என்று சொல்லித்தான் வந்தார். அந்த ஒரு தடவையில்தான் கதவு திறந்துகொண்டது.

அது எப்படித் திறந்தது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அது ஒரு காரின் கதை.

சத்தம் வராத கதவு

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில், மலை ஏறிப் பனிக்குள் போனால் வருவது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே முப்பத்தைந்து வருடம் தொரைக்கு, அதாவது தோட்டத்து மேலாளருக்கு, டிரைவராக இருந்தவர் அப்பா. தொரைமார் மாறிக்கொண்டே இருந்தார்கள். காரும் இரண்டு மூன்று தடவை மாறியது. அப்பா மட்டும் அதே வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, முகம் தெரிகிற மாதிரி பொலிஷ் போட்ட சப்பாத்து என்று அப்படியே இருந்தார். லயத்தில், அதுதான் தொழிலாளர் வரிசை வீடுகளில், அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டிரைவரய்யாதான்.

கார் ஓட்டுவதைவிட ஒரு விஷயத்தில் அவருக்குப் பெருமை அதிகம். கதவு சாத்துவதில். தொரை ஏறி உட்கார்ந்ததும் கதவை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே வருவார். கடைசி இரண்டு அங்குலத்தில் நின்று, இடுப்பால் சின்னதாக ஓர் அழுத்து. அவ்வளவுதான், கதவு மூடியிருக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட ஒன்றும் கேட்காது.

"கதவு சாத்துற சத்தம் தொரை காதுல விழக் கூடாது" என்பார். வேறு எந்த வேலையைப் பற்றியும் அப்பா இப்படி அடித்துச் சொன்னதில்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது கடுமையான காய்ச்சல் வந்தது. தொரையும் அவர் மனைவி தொரைசாணியும் மாத்தளைக்குப் புறப்படுகிற நாள். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். ஏற்றிக்கொண்டார்கள். முன் சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காருக்குள் சவர்க்கார வாசம் அடித்தது. லயத்தில் எங்கள் வீட்டுக்குள் அடுப்புப் புகையும் ஈரக் கம்பளி வாசமும்தான் அடிக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். இறங்கினவள் கதவைப் பிடித்து ஓங்கிச் சாத்திவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் கதவும் லொறிக் கதவும்தானே.

தொரைசாணி நெற்றியைச் சுருக்கினார். தொரை கையிலிருந்த பேப்பரை இறக்கினார். "டிரைவர், இது லொறி இல்ல" என்றார். அவருக்கு அப்பாவைவிடப் பத்து வயது குறைவு.

அப்பா குனிந்தார். "சொரி சேர். புள்ளைக்குத் தெரியாது சேர். மன்னிச்சிருங்க" என்றார். பிறகு என் தோளைப் பிடித்து என்னையும் சொல்ல வைத்தார். பல் தந்தியடிக்கச் சொன்னேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போகும் முன் கைக்குட்டையை எடுத்துக் கதவுப் பிடியைத் துடைத்தார். அதில் ஓர் அழுக்கும் இல்லை. எனக்குக் காய்ச்சல் மறந்துபோயிற்று, அந்தக் கைக்குட்டை மறக்கவில்லை. அந்தக் கோபம் இன்றும் எனக்குள் இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு நான் எந்தக் கதவையும் மெதுவாகச் சாத்தியதில்லை. ஹொஸ்டலில் என் பெயரே 'டமார் புவனா'. கல்யாணம் பேச வந்தவர்கள் முன்னால்கூட அலுமாரிக் கதவை அறைந்து சாத்தி அம்மாவின் மானத்தை வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு கதவை மட்டும், சத்தமில்லாமல் சாத்தியதை நம்பி விட்டுவிட்டேன் பாருங்கள். அதுவும் பறக்கிற விமானத்தின் கதவை.

நோனாவின் குணம்

சீகிரியாப் பக்கத்து ஓடுதளத்தில் நான் பறந்த விமானம் என்னைவிட வயதில் மூத்தது. நாலு பேர் உட்காரலாம், அதில் இரண்டு பேர் முழங்காலை மடக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அதைப் பழுது பார்க்கிற பந்துல பாஸ் அதற்கு 'நோனா' என்று பெயர் வைத்திருந்தார். சிங்களத்தில் பெரிய வீட்டு அம்மணிகளை அப்படித்தான் சொல்வார்கள். பெயருக்கேற்ற வீம்பும் அதற்கு இருந்தது.

வலது பக்கக் கதவுதான் அந்த வீம்பின் இருப்பிடம். உள்ளே உட்கார்ந்து கதவை வேகமாக இழுத்து அறைய வேண்டும். பிறகு பிடியைக் கீழே அழுத்திப் படுக்க வைக்க வேண்டும். மெதுவாக இழுத்தாலும் மூடிய மாதிரிதான் தெரியும், பிடியும் ஒழுங்காகப் படுத்துக்கொள்ளும். ஆனால் உள்ளே கொக்கி கவ்வியிருக்காது.

"கெஞ்சினா மூடாது நங்கி. ஏசினாத்தான் மூடும்" என்பார் பந்துல பாஸ், தன்னுடைய தமிழில். நங்கி என்றால் தங்கச்சி. நாற்பதை எட்டிப் பிடிக்கிற என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

எனக்குப் பறக்கக் கற்றுத் தந்தவர் கேப்டன் நசீம். மாத்தளை டவுன்காரர். கறுவா, மிளகு வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்து, கடைப்பக்கமே போகாமல் ஆகாயத்துக்கு ஓடிப்போனவர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். அது கத்துவதைவிட மோசம்.

கதவைப் பற்றி அவர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்.

முதலாவது: "கதவு சாத்தியாச்சான்னு யாருகிட்டயும் கேக்காதீங்க. கேட்டா எல்லாரும் சாத்தியாச்சுன்னுதான் சொல்லுவாங்க. நீங்களே முழங்கையால தள்ளிப் பாக்கணும்."

இரண்டாவது: "மேல போய்த் தொறந்துக்கிட்டா தொறந்துக்கட்டும். காத்து அழுத்துறதால ஒரு சாணுக்கு மேல தொறக்காது. பெல்ட் போட்டவங்க விழ மாட்டாங்க. பிளேனும் பறக்கும். நீங்க கதவப் புடிக்கப் போனா, பிளேன யாரு புடிக்கிறது?"

இரண்டையும் கொப்பியில் எழுதி, கீழே சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு போடுவதில் நான் கெட்டிக்காரி.

டிரைவரய்யா ஏறுகிறார்

அன்று காலை ரத்தோட்டையிலிருந்து வேன் பிடித்து அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. அப்பா டியூட்டிக்குப் போகிற மாதிரியே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை. பொலிஷ் போட்ட சப்பாத்து. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் காற்சட்டையில் கத்தி மடிப்பு.

அம்மா பாணும் சீனிச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாத்தளை அம்மன் கோயில் திருநீற்றைப் பொட்டலமாக மடித்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தார். "நீங்களும் வாங்கம்மா" என்றேன்.

"எனக்கு ரிவர்ஸ்டன் பஸ்ஸு போதும். அதுலயே முருகனப் பல தடவ பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றுகொண்டார், வீடியோ எடுப்பதற்கு.

அப்பா விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். அப்புறம் யாரும் சொல்லாமலே என் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"ஏறும்மா."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்பா, நீங்க அந்தப் பக்கம் போய் ஏறுங்க. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"நீ ஏறு. சாத்திட்டுப் போறேன்."

ஏறி உட்கார்ந்தேன். உள்ளங்கையால் தள்ளி, கடைசி இரண்டு அங்குலத்தில் இடுப்பால் அழுத்தி, சத்தமே இல்லாமல் சாத்தினார். என் பக்கக் கதவு நல்ல பிள்ளை, மூடிக்கொண்டது. அதன் பிடியை நானே அழுத்தினேன். அப்பா வால் பக்கமாகச் சுற்றி வந்து வலது சீட்டில் ஏறினார். பெல்ட்டைக் கட்டிவிட்டேன். காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். "கீழ பெடல் இருக்குப்பா. அதுல கால் வைக்காதீங்க" என்றேன். சப்பாத்தை ஒன்றாகச் சேர்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பிறகு தன் பக்கக் கதவை இழுத்தார். அதே மாதிரி. மெதுவாக, மெதுவாக, கடைசி இரண்டு அங்குலத்தில் நிறுத்தி, ஒரு சின்ன இழுப்பு. பிடியையும் தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி படுக்க வைத்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் அந்தப் பழைய பெருமை.

"சாத்தியாச்சாப்பா?" என்று கேட்டேன்.

"சாத்திட்டேன்."

என் கை எழுந்தது. அவர் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி, கதவைத் திறந்து, மறுபடி அறைந்து சாத்தி, முழங்கையால் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் செய்திருப்பேன். பந்துல பாஸ் சாத்தினாலே இரண்டு தடவை தள்ளிப் பார்க்கிறவள் நான். ஆனால் இது டிரைவரய்யா சாத்திய கதவு. முப்பத்தைந்து வருடம் கதவு சாத்தியே பேர் வாங்கின மனிதர் முன்னால், "நீங்கள் சாத்தியது சரியில்லை" என்று காட்ட எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் கலைக்க விரும்பவில்லை.

எழுந்த கையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். புறப்படும் முன் சரிபார்க்கிற பட்டியலில் அடுத்த வரி 'கதவுகள்'. "சாத்தியாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

காலை எடு

இப்போது முந்நூறு அடிக்கு வருவோம். 'டப்' என்ற சத்தத்தோடு காற்று உள்ளே புகுந்தது. இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல். அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பொட்டலம் பிரிந்து, திருநீறு முழுவதும் எழும்பிச் சுழன்றது. கண்ணாடியில், என் கண்ணில், வாயில் எல்லாம் திருநீறு. இருமினேன்.

அப்பா இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பற்றி இழுத்தார். அது வராது, காற்று விடாது. அது அவருக்குத் தெரியாது. இன்னும் பலமாக இழுத்தார். பலம் வேண்டுமே, அதற்குக் காலை ஊன்றினார். ஆபத்து என்றதும் அந்தக் கால் எங்கே போகும்? முப்பத்தைந்து வருடம் மலை ரோட்டில் ஓட்டிய டிரைவரின் கால். நேராகப் பிரேக் இருக்கிற இடத்துக்குப் போயிற்று.

விமானத்தில் அந்த இடத்தில் இருப்பது வலது பெடல். அதை மிதித்தால் மூக்கு வலது பக்கம் திரும்பும். திரும்பியது. முன் கண்ணாடியின் ஓரத்தில் நின்ற சீகிரியாக் குன்று மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது. இடது பெடலை நான் மிதித்தேன். அசையவில்லை. அப்பாவின் காலுக்கு முன்னால் என் கால் எம்மாத்திரம். வேகமானியின் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த உயரத்தில், மூக்கு ஒரு பக்கம் இழுக்க, வேகமும் குறைந்தால் என்ன நடக்கும் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். நானும் அப்பாவும் வீடு திரும்ப மாட்டோம். வேலியோரம் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்பா, கால எடுங்க" என்றேன்.

கேட்கவில்லை.

"அப்பா, கதவ விடுங்க. நான் பாத்துக்கிறேன்."

"புடிச்சிருக்கேம்மா! நீ பயப்படாம ஓட்டு!" என்று கத்தினார். பாவம், என்னைக் காப்பாற்றுகிறார்.

அதற்கு மேல் மரியாதைக்கு நேரமில்லை.

"கால எடு! கைய எடு! கதவ விடு!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்பாவிடம் நான் 'ங்க' இல்லாமல் பேசியதில்லை.

அப்பா கையை எடுத்தார். காலைப் பின்னுக்கு இழுத்தார். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, முதுகை நிமிர்த்தி, நேரே பார்த்து உட்கார்ந்தார்.

"சரிங்க" என்றார்.

ஹெட்செட்டில் அந்த ஒரு சொல் தெளிவாகக் கேட்டது. தொரைமாரிடம் சொல்கிற 'சரிங்க'. நெஞ்சில் குத்தியது. ஆனால் குத்துப்பட்டதைப் பார்க்க அப்போது நேரமில்லை. மூக்கைத் தாழ்த்தினேன். முள் ஏறியது. இடது பெடல் இப்போது என் சொல் கேட்டது. குன்று மறுபடி ஓரத்துக்கு நகர்ந்து, தன் இடத்தில் போய் நின்றுகொண்டது.

கதவு பாட்டுக்கு ஒரு சாண் திறந்து படபடத்துக்கொண்டிருந்தது. படபடக்கட்டும். கேப்டன் நசீம் சொன்ன மாதிரியே நோனா பறந்தாள். எனக்கு அப்போது ஒரு துணிவு வந்தது. இதை நான் செய்து முடிப்பேன் என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது.

ரேடியோவில் சொன்னேன்: "வலப்பக்கக் கதவு திறந்திருக்கிறது. ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிறேன்." உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். மாந்தோப்புகளுக்கு மேலாகத் திரும்பி, குளத்தைத் தாண்டி, ஓடுதளத்துக்கு நேரே வந்தேன். ஓரத்தில் ஒரு மயில் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்து போனது.

அன்றைக்கு இறங்கினது மாதிரி நான் அதற்கு முன்னாலும் இறங்கினதில்லை, பிறகும் இறங்கினதில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. பாதி ஓடுதளம் ஓடிய பிறகு அப்பா கேட்டார்.

"எறங்கிட்டோமா?"

"எறங்கிட்டோம்ப்பா."

"சத்தமே வரலையே" என்றார். அதைச் சொன்னது தொழில் தெரிந்தவர்.

யார் சாத்தினது?

என்ஜினை நிறுத்தியதும் கேப்டன் நசீமும் பந்துல பாஸும் வந்தார்கள். தலை முதல் கால் வரை திருநீறு பூசிக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து பந்துல பாஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

கேப்டன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "கதவ யாரு சாத்தினது?"

நான் பெல்ட்டைக் கழற்றும் முன்னே அப்பா இறங்கிவிட்டார். குனிந்தார். "நான்தாங்க சேர். என் பிழை சேர். புள்ளைக்குத் தெரியாது சேர். மன்னிச்சிருங்க."

அதே சொற்கள். மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில் சொன்ன அதே சொற்கள், அதே குனிவு. இறங்கி ஓடினேன். அப்பாவுக்கும் கேப்டனுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"இல்ல சேர். அப்பா வந்தது பயணியா. கதவப் பாக்க வேண்டியது நான். நான் தொட்டுப் பாக்கல. அப்பாகிட்டக் கேட்டேன், அவரு சொன்னத நம்பினேன். பிழை என்னோடது."

"ஏன் தொட்டுப் பாக்கல?"

"அப்பா சாத்தினாரு சேர். அதான்."

கேப்டன் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ தெரியாது. "இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. ஒரு வரி குறையக் கூடாது" என்றார். பிறகு குரல் வழக்கமான உயரத்துக்கு வந்தது. "எறக்கினது நல்லா இருந்துச்சு." அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வர நான் மூன்று வருடம் காத்திருந்தேன்.

பந்துல பாஸ் கதவை மூன்று தடவை திறந்து மூடி, கீலைத் தட்டிப் பார்த்து, "ஹரி. ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு" என்றார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி. நோனா தயார். பறக்க இன்னும் நேரம் இருந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை என்று சொன்னவர். அந்த ஒரு தடவை முடிந்துபோயிற்று. வேன்காரன் வேறு வேலியோரம் நின்று நேரமாகிறது என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அப்பா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோட்டத்த இன்னும் பாக்கலையே" என்றார்.

அப்புறம் கேப்டனிடம் திரும்பினார். "இத எப்பிடி சேர் சாத்துறது?"

"அடிச்சுச் சாத்துங்க அண்ணே."

"சத்தம் வரும் சேர்."

"வரட்டும்."

அப்பா ஏறி உட்கார்ந்தார். கதவைப் பிடித்தார். இழுத்தார். கடைசி இரண்டு அங்குலத்தில் கை தானாக நின்றது. பழக்கம். பந்துல பாஸ் தலையை ஆட்டினார். இரண்டாவது தடவை கொஞ்சம் வேகம். 'டொக்' என்றது. "போதாது, போதாது! ஏசுங்க!" என்று பந்துல பாஸ் கைகளை விரித்துக் கத்தினார்.

மூன்றாவது தடவை அப்பா கதவை முழுதாகத் திறந்தார். பல்லைக் கடித்தார். இழுத்தார்.

டமார்!

விமானம் ஆடியது. புல்லில் மேய்ந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. வேலியோரத்திலிருந்து அம்மா "ஐயோ, என்னாச்சு!" என்று அலறியது இன்றும் அந்த வீடியோவில் இருக்கிறது. அதில் வானமும் அம்மாவின் பெருவிரலும்தான் தெரியும், ஆனால் சத்தம் மட்டும் சுத்தமாகப் பதிந்திருக்கிறது.

அப்பா சிரித்தார். தோள் குலுங்க, திருநீறு உதிர உதிரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்தத் தடவை சாத்தியாச்சா என்று நான் கேட்கவில்லை. அவர் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டி, முழங்கையால் கதவைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அப்பா அதைக் கவனித்துப் பார்த்தார். பிறகு அவரும் தன் முழங்கையால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார்.

பங்களாவுக்கு மேலே

தம்புள்ளையைத் தாண்டி, நாவுலையைத் தாண்டி, மலைகளுக்கு நேரே போனோம். இடது பக்கம் லக்கலப் பக்கத்து வயல்கள் வெயிலில் காய்ந்து கிடந்தன. முன்னால் மலை நீலமாக எழும்பியது. ரத்தோட்டைக்கு மேலே பனி அன்று எங்களுக்காகவே விலகியிருந்தது.

"கத்திட்டேன்ப்பா" என்றேன். அதுவரை அந்தப் பேச்சை எடுக்கத் துணிவு வரவில்லை.

அப்பா மடியில் கிடந்த திருநீற்றைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்: "தொரைமாரு கத்துனா எனக்குக் கை நடுங்கும். நீ கத்துனப்ப நடுங்கல. ஓட்டுறது யாருன்னு தெளிவாத் தெரிஞ்சிச்சு."

என் கண்ணில் தண்ணீர் வந்தது. திருநீறு என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

ரோடு தெரிந்ததும் அப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். ரோட்டின் வளைவுகளை ஒவ்வொரு முடக்காகப் பெயர் சொன்னார். பாலத்து முடக்கு, அம்மன் சிலை முடக்கு, லொறி உருண்ட முடக்கு. முப்பத்தைந்து வருடம் கியர் மாற்றி மாற்றி ஏறிய ரோடு, கீழே ஒரு கயிற்றுத் துண்டாகக் கிடந்தது. ஃபெக்டரியின் தகரக் கூரை மின்னியது. லய வரிசைகள் தெரிந்தன. எங்கள் வீட்டை, அந்தக் காம்பராவை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்துக் கத்தினோம்.

அதற்கு மேலே, புல்வெளிக்கு நடுவில், தொரை பங்களா. சிவப்புக் கூரை. போர்ட்டிக்கோவில் ஒரு கார் நின்றது. இப்போது இருக்கிற தொரையை எனக்குத் தெரியாது, அவருக்கும் எங்களைத் தெரியாது. யாரோ ஒருவர் வெளியே வந்து புல்வெளியில் நின்று, கையை நெற்றிக்குக் கொடுத்து அண்ணாந்து பார்த்தார்.

எவ்வளவு உயரம் அனுமதியோ அதற்கு ஓர் அடி குறையாமல், அந்தக் கூரையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தேன். அப்பா கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் முடிந்து திரும்பப் போகும் நேரத்தில் கேட்டார்.

"ஏம்மா, இந்த என்ஜின் சத்தம் கீழ கேக்குமா?"

"நல்லாக் கேக்கும்ப்பா. பங்களாவுல உள்ளுக்கு இருக்கவங்களுக்கும் கேக்கும்."

அப்பா கதவில் முழங்கையைச் சாய்த்துக்கொண்டு, சீட்டில் வசதியாக உட்கார்ந்தார்.

"அப்ப இன்னொரு சுத்து சுத்து" என்றார்.

மூன்று சுற்றுச் சுற்றினேன்.